நிற்கிற பிறை

குணேஸ்வரி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப் பெயர் 'நிலா டீச்சர்'. முப்பத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். அமிலமும் காரமும், தவளையின் இதயமும், மின்சுற்றும் என்று மற்றப் பாடங்களையெல்லாம் புத்தகத்தில் இருந்தபடி ஒப்புவித்துவிட்டுப் போய்விடுவார். சந்திரன் பாடம் வந்தால் மட்டும் ஆளே வேறு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பது பிள்ளைகளையும் காலை வெயிலில் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மேற்கே வெளிறிப்போய்க் கிடக்கும் பகல் நிலவைக் காட்டுவார். "நிலா இரவுக்கு மட்டும் வாற சாமான் எண்டு ஆர் சொன்னது? தலையை நிமித்திப் பாக்காத ஆக்கள் சொன்னது" என்பார்.

தலையை நிமிர்த்திப் பார்க்காத ஆள் யார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மைதானத்தில் இருந்து திரும்பி வந்ததும், "பிறை ஏன் வருகுது?" என்று கேட்பார். "பூமியின்ர நிழல் விழுறதால, டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். வருடா வருடம் அதே கேள்வி, அதே பிழை. டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஒரு பாதிக்குக் கரி பூசிய பந்தை எடுப்பார். பூமியின் நிழல் விழுவது கிரகணத்தில் மட்டும். மற்ற நாளெல்லாம் நிலவின் ஒரு பாதியில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் நிற்கிற இடத்துக்கு அந்த வெயில் பாதியில் எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவுதான் பிறை. இதை அவர் பந்தைத் தூக்கிப் பிடித்தபடி வகுப்பைச் சுற்றி நடந்து காட்டுவார். கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து, துவாயில் சுற்றிய ஒரு படத்தை எடுப்பார். சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். கீழே அலையில்லாத கடல், கோடு கீறினாற்போல அடிவானம், அதற்கு மேலே பிறை. பிறையின் வலப்பக்க விளிம்பு வெள்ளையாகப் பளிச்சிடும். மிச்ச வட்டம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். "அந்த மங்கல் வெளிச்சம் ஆர் குடுத்தது தெரியுமோ? நாங்கள் குடுத்தது. பூமியில பட்ட வெயில் திரும்பிப் போய் நிலாவில படுகுது. அதுக்குப் பேர் பூமியொளி" என்பார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கும். "இது என்ர அவர் எடுத்த கடைசிப் படம். அண்டைக்கு நானும் கூடப் போனனான். கமராக் கால் ஆடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

டீச்சரின் புருசன் காணாமல் போனவர் என்று எங்கள் பாலையூற்றில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பெயர் கனகரத்தினம். திருகோணமலை டவுனில், கிண்ணியாவைச் சேர்ந்த கலீலுர் றஹ்மானோடு கூட்டாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். கல்யாண வீடு, அடையாள அட்டைப் படம் என்று தொழில் ஓடியது. ஓய்ந்த நேரத்தில் நீளக் கண்ணாடி ஒன்றைக் கமராவில் பூட்டிக்கொண்டு நிலவைப் பிடிப்பது அவருக்கு ஒரு பைத்தியம். குணேஸ்வரி அந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் கழுத்தை நீட்டினார் என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். கல்யாணம் முடித்து இரண்டு வருடம், பிள்ளை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு, வைகாசிப் பூரணை கழிந்த மூன்றாம் நாள், கந்தளாயில் ஒரு கல்யாண அல்பத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலை பஸ்ஸில் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை சண்டை மூண்டு ஊரில் எல்லா ரோட்டும் பூட்டு. பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார். ஜீப்பில் ஏற்றினதைக் கண்டேன் என்று இன்னொருவர் சொன்னார். அந்த வருடம் எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள், ஆகையால் யாரும் வேறு விதமாக யோசிக்கவில்லை.

யோசித்தவர்களும் இருந்தார்கள். வேறு யாருமல்ல, டீச்சரின் சொந்தத் தமையன். "அவன் ஒருத்தரும் பிடிச்சுப் போற அளவுக்குப் பெரிய ஆளில்ல. சந்தடி சாக்கில வெளிநாட்டுக்கு மாறியிருப்பான். நீ சும்மா அழுது கண்ணைக் கெடுக்காத" என்று முகத்துக்கு நேரே சொன்னார். குணேஸ்வரி அந்த ஆளோடு அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பறிகொடுத்தவள் என்றால் ஊர் ஒரு கதிரையை இழுத்துப் போடும். விட்டுவிட்டுப் போனவனுடைய பெண்சாதி என்றால் அதே ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இருபத்தாறு வயதில் இந்த இரண்டில் தான் எவள் என்று தெரியாமல் இருந்ததுதான் அவருக்கு உயிர் போகிற வேதனை.

அந்த வேதனைக்கு மருந்து கொண்டு வந்தவர் கலீலுர் றஹ்மான். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு முடிகிற நேரம், ஒரு பின்னேரம், சைக்கிளில் பாலையூற்றுக்கு வந்து வாசல் படலையடியில் நின்றார். கையில் ஒரு கடித உறை. உறைக்குள் நிலவுப் படம். குணேஸ்வரி அதைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அண்ணன் முறை சொல்லி, "நானா, இது அவர்ர கடைசிச் சுருளில இருந்ததோ? ஸ்ரூடியோக் கமராவில கிடந்ததோ?" என்று கேட்டார். றஹ்மான் "ஓம்" என்றார். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றோடு தமையனின் வாய் அடைபட்டது. போவதற்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னர்கூட ஆற அமரக் கடற்கரையில் நின்று நிலவைப் படம் பிடித்த மனிதன், பெண்சாதியை விட்டுவிட்டு ஓடத் திட்டம் போட்டவனாக இருப்பானா? படத்தைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். படம் சாட்சி. அந்தச் சாட்சியை நம்பித்தான் டீச்சர் தேடி வந்த இரண்டு கல்யாணத்தையும் தட்டினார். அதை நம்பித்தான் அரசாங்கக் கச்சேரி வாசல்களிலும் விசாரணைக் குழுக்களின் முன்னாலும் மற்றத் தாய்மாரோடு வரிசையில் நின்றார். நான்கு தடவை நான்கு குழுவிடம் ஒரே கதையைச் சத்தியம் பண்ணிச் சொன்னார். கடைசியில் மனம் விட்டுப்போய், ஒவ்வொரு வைகாசியிலும் பூரணை கழிந்த மூன்றாம் நாள் திவசம் கொடுத்து, காகத்துக்குப் படையல் வைக்கத் தொடங்கினார்.

கமராக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை? முதல் ஆறேழு வருடம் அவர் அப்படிச் சொன்னதேயில்லை. முதலில் "எடுத்துக்கொண்டு வந்து காட்டினவர்" என்றார். பிறகு "என்னையும் கூப்பிட்டவர்" என்றார். பிறகு தானும் போனதாகச் சொன்னார். அதற்குப் பிறகு காலில் மணல் ஒட்டியதும், அவர் "மூச்சு விடாத" என்று அதட்டியதும்கூட ஞாபகம் வந்துவிட்டது. பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே படத்தை அத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் எவரும் ஒருநாள் அதற்குள் இறங்கி நிற்பார்கள்.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் படத்தில் ஒருவர் கை வைத்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, எட்டாம் வகுப்பில், சுலோஜனா என்று ஒரு பெண் பிள்ளை. சாம்பல்தீவில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பின்னேரத்தில் வலை காயப்போடும் நேரம் வானத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை.

"டீச்சர், எங்கட பிறை படுத்துக் கிடக்கும். தோணி மாதிரி. இது நிக்குதே?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அவர் கமராவைச் சரிச்சுப் பிடிச்சிருப்பார்" என்றார்.

"அப்பிடியெண்டா கடலும் சரிஞ்செல்லோ இருக்கோணும், டீச்சர்? கடல் நேராத்தானே கிடக்குது."

விஞ்ஞான டீச்சர் ஒருவர் பிள்ளையை மேசையில் ஏற்றி நிறுத்திக் கைதட்ட வேண்டிய கேள்வி அது. குணேஸ்வரி டீச்சர் அவளை வெளி விறாந்தையில் முழங்காலில் இருத்தினார். மணி அடிக்கும்வரை. அந்தப் பிள்ளையின் தமையனும் காணாமல் போனவன்தான். அவளுடைய தாயும் டீச்சரும் ஒரே வரிசையில், ஒரே வெயிலில் நின்றவர்கள். "உனக்குத் தெரிய வேணாமோ? உன்ர வீட்டிலயும் இந்தத் துயரம் இருக்கல்லோ?" என்று கேட்டுத்தான் முழங்காலில் இருத்தினார். சுலோஜனா அந்த வருடம் முழுக்க விஞ்ஞானப் பாடத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு வர்த்தகம் படிக்கப் போனாள் என்று கேள்வி.

அறுபது வயதில் டீச்சர் ஓய்வு பெற்றார். படம் ஆய்வுகூட அலுமாரியில் இருந்து வீட்டு அலுமாரிக்கு வந்தது. இந்த வருடம், பழைய மாணவி ஸஹ்ரா வந்து கேட்டாள். அவள் இப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஓர் அறை முழுவதும் நிலவு. பிள்ளைகள் தொலைநோக்கியின் கண்ணில் போனை வைத்து எடுத்த படங்கள், குழிகளின் படங்கள், கடலைப் போலக் கறுத்துத் தெரியும் எரிமலைக் குழம்புச் சமவெளிகளின் படங்கள். நடுச் சுவரில் பிறைகள். "நடு இடம் உங்கட படத்துக்குத்தான், டீச்சர். நாங்க எல்லாரும் அதைப் பாத்துத்தான் நிலாப் படிச்சம்" என்றாள்.

டீச்சருக்கு வாயெல்லாம் பல். கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னர், காலையிலேயே படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். போன கையோடு வழக்கம்போல அதிகாரமும் பண்ணினார். பிள்ளைகள் எடுத்த படங்களில் உள்துறைமுகத்துத் தண்ணீர்க் கோடு அங்கும் இங்கும் சரிந்து கிடந்ததைக் கண்டு, "எல்லாத்திலயும் தண்ணிக் கோட்டை மட்டம் பாத்து வெட்டு. கோடு மட்டமா இல்லாட்டி நிலா என்ன சாய்வில நிக்குது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று ஸஹ்ராவுக்குச் சொன்னார். அவள் அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினாள். மாசியில் எடுத்தது, பங்குனியில் எடுத்தது, ஆவணியில் எடுத்தது என்று ஆறு பிறைகள். நடுவில் டீச்சர் தன் கையாலேயே கனகரத்தினத்தின் படத்தை மாட்டினார். மாட்டிவிட்டு, வடிவு பார்க்க நாலடி பின்னால் வந்தார்.

ஆறு தோணிகள் படுத்துக் கிடந்தன. ஒன்று இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, மற்றொன்று அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஆனாலும் எல்லாம் கிடக்கிற பிறைகள். நடுவில் ஒன்று மட்டும் கதவு நிலையில் சாய்ந்து நிற்கிற ஆளைப்போல எழுந்து நின்றது. அதன் அடியில் கடல் நூல் பிடித்த மட்டம்.

ஸஹ்ரா பசை நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தேவையானதுக்கு மேலாகவும் கிழித்தாள். பிறகு, டீச்சரைப் பார்க்காமலே, "இதுக்குக் குறிப்பு என்ன எழுத, டீச்சர்? எல்லாப் படத்துக்கும் ஆர் எடுத்தது, எங்க, எப்ப எண்டு எழுதுறம்" என்றாள்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்று டீச்சர் படத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில், சாப்பாட்டு மேசையில், யன்னல் வெளிச்சத்தில் படத்தை வைத்துப் பாகைமானியால் அளந்தார். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குப் பாகைமானி பிடிக்கப் பழக்கிய கை, மூன்று தரம் அளந்து பார்த்தது. பிறையின் இரண்டு நுனிகளையும் இணைத்துக் கோடு கீறினால், அந்தக் கோடு செங்குத்துக்கு இருபத்து மூன்று பாகைதான் சாய்வு.

இதற்குப் பெரிய கணக்குத் தேவையில்லை. பிறையின் வெளிச்சமான விளிம்பு எப்போதும் சூரியன் இருக்கும் திசையைத்தான் பார்க்கும். திருகோணமலையில் சூரியன் கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோலக் கிட்டத்தட்ட நேரே கீழே இறங்கும். ஆகையால் மறைந்த சூரியன் பிறைக்கு அடியில் இருக்கும். பிறை அடிவயிற்றில் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். எந்த மாதமானாலும் எங்கள் ஊர்ப் பிறை பாதிச் சாய்வுக்கு மேல் நிமிராது. வடக்கே தூரப் போகப் போகத்தான் சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு சாய்வாக வழுக்கிப் போகும். அங்கேதான் பிறை எழுந்து நிற்கும். இருபத்து மூன்று பாகை என்றால், படம் எடுத்த இடம் குறைந்தது நாற்பதாவது அகலக்கோட்டுக்கு வடக்கே. திருகோணமலை எட்டரை.

நெகடிவ் மாறி அச்சாகியிருக்கும் என்று ஒரு சமாதானத்தையும் அவர் நெடுங்காலம் கைவசம் வைத்திருந்தார். அதையும் அன்றைக்கு எடுத்துப் பார்த்தார். மாறி அச்சானால் இடம் வலமாகும், வலம் இடமாகும். நிற்பது படுக்காது. அத்தோடு, வலப்பக்கம் வெளிச்சமான பிறை மாலையில் மேற்கே தெரிவது. எங்கள் ஊரில் மேற்கே மலையும் காடும்தான். வெட்ட வெளியாகக் கடல் கிடப்பது கிழக்கே. இதெல்லாம் டீச்சருக்குப் புதிதாகத் தெரிந்த விசயங்களா? இல்லை. ஒவ்வொன்றையும் அவரே கரும்பலகையில் கீறிப் படிப்பித்திருக்கிறார். கீறிவிட்டுக் கையைத் தட்டி, அந்தப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். தன் மேலேயே அவருக்கு வந்த அருவருப்பை என்னவென்று சொல்ல. அன்று சமைக்கவில்லை.

அடுத்த நாள் முற்பகல் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனார். கலீலுர் றஹ்மானுக்கு எழுபது வயது. ஸ்ரூடியோவை மூடி நெடுநாள். வீட்டு முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தவர், துவாயில் சுற்றிய பொருளைக் கண்டதும் எழும்ப முயன்று மறுபடி இருந்துவிட்டார். மனைவி ஆமினா உம்மா, "வாங்க டீச்சர், இரிங்க" என்று தேத்தண்ணிக்குப் போகத் திரும்பினார்.

டீச்சர் இருக்கவில்லை. படத்தை அவருடைய மடியில் வைத்தார். "நானா, இது எங்க எடுத்த படம்?"

றஹ்மான் படத்தைப் பார்த்தார். "இப்பதான் கேக்கிறீங்க, தங்கச்சி" என்றார்.

ஆமினா உம்மா தேத்தண்ணியை மறந்து குசினி வாசலில் நின்றுவிட்டார்.

"கனடாவிலருந்து கடுதாசி வந்திச்சி" என்று றஹ்மான் சொன்னார். "கந்தளாய்லருந்து அப்பிடியே கொழும்புக்குப் போயிருக்கான். அங்கருந்து ஏஜென்சிக்காரன் ஒருத்தன் அனுப்பியிருக்கான். எல்லாம் முன்னமே கதைச்சு வச்சது. எனக்கும் அந்தக் கடுதாசி வாற வரைக்கும் தெரியா, அல்லாஹ் மேல ஆணை. படம் அங்க ஒரு பெரிய வாவிக் கரையில ஐப்பசி மாசம் எடுத்ததாம். கடல் இல்ல இது. வாவி."

"எனக்கு என்ன எழுதியிருந்தவர்?"

"உங்களுக்கு ஒண்டும் எழுதல்ல." றஹ்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத்தான் எழுதியிருந்தான். 'இதக் குணேசுக்கிட்ட குடு. அவள் நிலாவப் படிச்சவள். பாத்தாலே விளங்கிக்கொள்ளுவாள். நீ ஒண்டும் சொல்லத் தேவல்ல' எண்டு."

கோழைகள் பலரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் தன் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சந்திரனை அனுப்பிய கோழை இவர் ஒருவராகத்தான் இருக்கும். அதிலும் பெண்சாதியின் படிப்பை நம்பி.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, நானா."

"சொல்லத்தான் வந்தனான். படலையடியிலயே நீங்க படத்தப் பறிச்சு நெஞ்சில வச்சுக்கொண்டு, கடைசிச் சுருளோ எண்டு கேட்டீங்க. உங்கட முகத்தப் பாத்திட்டு நான் ஓம் எண்டுட்டன். அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு போனன். அடுத்த கிழமை நீங்க சட்டம் போட்டுத் தரச் சொல்லி ஸ்ரூடியோவுக்குக் கொண்டு வந்தீங்க." அவர் சட்டத்தின் மூலையை விரலால் தடவினார். "நான்தானே போட்டன். பிறகு எங்க சொல்ற?"

"ஆள் இருக்கிறாரோ?"

"மௌத்தாப் போய் ஆறு வருசம். அங்க ஒரு பொஞ்சாதி. ரெண்டு பொம்பிளப் பிள்ளையள்." பிறகு, "நாள் எனக்குத் தெரியும், தங்கச்சி. சொல்லவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

முதல் திவசத்தில் இருந்து ஆறு வருடத்துக்கு முன்வரைக்கும், உயிரோடு இருந்து சோறு தின்றுகொண்டிருந்த ஒருவருக்கு அவர் காகத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதர் மெய்யாகச் செத்த நாளில் என்ன செய்துகொண்டிருந்தார்? விடைத்தாள் திருத்தியிருப்பார். சந்தையில் மீனுக்கு நின்றிருப்பார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"நீங்கள் நல்ல மனுசனா இருந்திட்டீங்கள், நானா. அதுக்கு என்ர சீவியம் போச்சு" என்றார்.

றஹ்மான் தலையைக் குனிந்துகொண்டார். ஆமினா உம்மா அழத் தொடங்கினார். டீச்சர் படத்தை எடுத்துத் துவாயால் சுற்றிக்கொண்டு இறங்கினார். பாலத்தில் பஸ் போகும்போது, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகம் சுட்டது வேறொரு நினைப்பில். புருசன் போனதும் அல்ல, ஏமாந்ததும் அல்ல. அந்த வரிசை. பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தை மார்பில் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரோடு, தானும் ஒருத்தியாக, அவர்கள் ஒதுக்கித் தந்த நிழலில் நின்ற வரிசை. சத்தியம் பண்ணிக் கொடுத்த நான்கு வாக்குமூலங்கள். அந்தத் துயரத்தைத் தான் களவெடுத்து உடுத்திருந்ததாக அவருக்குப் பட்டது. படத்தைத் தண்ணீரில் எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஸஹ்ராவிடம் சட்டம் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். பாலம் முடியும்வரை அதைத்தான் யோசித்தார். பிறகு, போதும், இனியும் ஒரு பொய்க்குத் தன்னிடம் வருசமில்லை என்று நினைத்து, துவாயை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கண்காட்சியன்று காலை படம் நடுச் சுவரில் இருந்தது. அதன் கீழே குறிப்பு டீச்சரின் கையெழுத்தில், கரும்பலகை எழுத்துப்போலப் பெரிதாக இருந்தது.

'பிடித்தவர்: கனகரத்தினம். இடம்: கனடா, வடக்கு அகலக்கோடு 44 பாகை அளவில். காலம்: 1991 ஐப்பசி. பிறையின் சாய்வைப் பக்கத்துப் படங்களோடு ஒப்பிடுக. இது திருகோணமலையில் பிடித்த படமல்ல.'

ஸஹ்ரா அதை வாசித்துவிட்டு டீச்சரின் கையைப் பிடிக்க வந்தாள். டீச்சர் கையைக் கொடுக்கவில்லை. "போய் வாசல்ல ஆக்களைக் கூப்பிடு" என்றார்.

சனம் வந்தது. பெரும்பாலானோர் குழிகளைப் பார்த்தார்கள், குறிப்புகளை வாசிக்கவில்லை. டீச்சரோடு படிப்பித்த இரண்டு பேர் வந்து, வாசித்து, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அவசர வேலை வந்தவர்கள்போல வெளியே போனார்கள். பதினொரு மணியளவில், ஆவணிப் பிறையைப் பிடித்த பிள்ளையின் தாய் என்று ஒருத்தி வந்தாள். நாற்பது வயது. சாம்பல்தீவு சுலோஜனா. டீச்சர் ஒரு பார்வையில் அறிந்துகொண்டார்.

அவள் மகளின் படத்தை முதலில் பார்த்தாள். பிறகு நடுப் படத்துக்கு வந்து, குறிப்பை உதடு அசைய வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"அப்ப நான் அண்டைக்குச் சொன்னது…"

"சரி. நீ சொன்னது சரி. உன்னை முழங்காலில விட்டது பிழை" என்றார் டீச்சர். அவளை என்றைக்காவது கண்டால் சொல்ல என்று அவர் இதை மூன்று நாளாகப் பாடமாக்கியிருந்தார்.

சுலோஜனா தலையாட்டினாள். ஆனால் அவளுடைய கண் குறிப்பிலேயே, ஆண்டு எழுதிய இடத்திலேயே நின்றது. "தொண்ணூற்றொண்டோ? தொண்ணூறில எல்லோ டீச்சர் அவரை… அம்மாவோட நீங்களும் வரிசையில நிண்டனீங்கள். நான் சின்னப்பிள்ளை, எனக்குத் தண்ணி தந்தனீங்கள்."

"ஓம். நிண்டனான்."

"அம்மா இப்பவும் போறவா, டீச்சர். அண்ணாவுக்காக. நடக்க ஏலாது, எண்டாலும் போறவா. உங்களைப் பற்றியும் கதைக்கிறவா."

டீச்சருக்கு இதற்குப் பாடமாக்கிய வசனம் இல்லை.

"கொம்மாட்டச் சொல்லு, பிள்ளை. என்ர ஆளை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்ல. அவர் தானாப் போனவர்."

சுலோஜனா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது மரியாதை என்று டீச்சருக்கு விளங்கியது. வெளியே பிள்ளைகள் அடுத்த கூட்டமாக வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். அவள் படத்தையே பார்த்தபடி, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காக,

"வடிவான படம், டீச்சர்" என்றாள்.

"ஓம்" என்றார் குணேஸ்வரி. "அவர் நல்லாப் படம் எடுப்பார்."